பனியனுக்குப் பின்னால் ஒரு வரலாறு

திருப்பூர் இரயில் நிலையத்தை அடுத்த காதர்பேட்டையில் பனியன் வாங்கச் செல்லும் நாம், விலையைக் குறைத்துக் கேட்கிறோம். சாயம் போகுமா என்று வினவுகிறோம். தைத்தவர் யார், தைப்பித்தவர் யார் என்று கேட்பதில்லை. அக்கேள்விக்கு விடை தேடிய நூல் ஒன்று உண்டு. சரத் சாரி என்னும் ஆய்வாளர் ஆங்கிலத்தில் எழுதி, 2004-இல் வெளிவந்த 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்' என்பதே அது. 'சகோதர மூலதனம்' எனலாம்.

வரலாறு என்றால் அரசர்களும் போர்களும் என்றே பள்ளியில் பயின்றோம். இந்நூலிலோ கவுண்டர் குலத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் பனியன் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்து, தொழில் பழகி, பங்காளிகளாகி, முதலாளிகளாகின்றனர். தங்கள் கைம்முதல் உழைப்பே என்கின்றனர். ஆசிரியர் அதை மறுக்கவில்லை. அதனோடு நின்றுவிடவும் இல்லை. அதே உழைப்பு ஏன் எல்லாரையும் உயர்த்தவில்லை? சாதி, உறவு, கடன் கிடைத்த வழி, ஆணாகப் பிறந்ததால் வாய்த்த சலுகை ஆகியனவும் முதலாயின என்று காட்டுகிறார். பஞ்சப்படி கோரி 1984-இல் 127 நாட்கள் நீடித்த வேலைநிறுத்தமும், ஏற்றுமதி பெருகியபின் பெண்கள் குறைந்த கூலிக்குத் திரளாக வேலைக்கு வந்ததும் இதில் உள்ளன. தலைப்பில் சகோதரர் மட்டுமே இருப்பது தற்செயலன்று!

நடை கடினமானதே. கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ உடனிருந்து விளக்கினால், மாலைக்குச் சில பக்கங்களாக வாசிக்கலாம். அப்போது வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள்: கைமடிக்குச் சேர்ந்த முதல் நாளில் கூலி எவ்வளவு? அந்த 127 நாட்களும் அடுப்பு எரிந்தது எப்படி? விடைகளை ஆண்டுடன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.