உங்களுக்குத் தெரியுமா? அரிமா நோக்கில் நம் ஊர்ச் சேவைச் சங்கங்கள்

ஜூலை மாதம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் மாலையும் சால்வையுமாக ஒரு விழா நடக்கும். அது கல்யாணம் அல்ல, ரோட்டரி, அரிமா சங்கங்களின் பணியேற்பு விழா. மறுநாள் நாளிதழில் வரும் படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு, இந்தச் சங்கங்கள் சால்வைக்காகவே இருப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் அந்தப் படத்தில் விழாத நூறாண்டு உழைப்பு ஒன்று உண்டு. அதிலிருந்து கொஞ்சம் இங்கே. கூடவே, இந்த ஆண்டு உங்கள் ஊரில் என்னென்ன நடக்கும் என்ற நாள்காட்டியும்.

திரும்பிப் பார்த்தால்...

● நாலு பேர், ஒரு அறை
1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் ஒரு கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நாலு பேர் கூடினார்கள். வழக்கறிஞர் பால் ஹாரிஸ், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் கடைக்காரர். சிற்றூரில் வளர்ந்த ஹாரிஸுக்குப் பெருநகரத்துத் தனிமை தாங்கவில்லை. அதனால் பிறந்த யோசனை அது. இந்த வாரம் ஒருவர் இடத்தில், அடுத்த வாரம் இன்னொருவர் இடத்தில் என்று கூட்டம் சுழன்றதால் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது. தமிழில் 'சுழற்சங்கம்' என்று எழுதியவர்கள் அந்தச் சுழற்சியை அப்படியே பிடித்துவிட்டார்கள்.

● முதல் சேவை, கழிப்பறை
அந்தச் சங்கம் கையில் எடுத்த முதல் பொதுப்பணி, சிகாகோ நகர மன்றத்துக்கு அருகே பொதுக் கழிப்பறை. எதிர்ப்பும் வந்தது. ஆண்களுக்கு மதுக்கடைகளில் வசதி இருக்கிறது, பெண்களுக்குப் பெரிய கடைகளில் இருக்கிறது என்றார்கள். அங்கே போனால் எதையாவது வாங்கித்தானே தீர வேண்டும் என்பது ஹாரிஸ் தரப்பின் பதில். 1909-இல் கழிப்பறை திறக்கப்பட்டது. பேருந்து நிலையத்தில் இடம் தேடித் தவித்த எந்தப் பெண்ணும் அந்த வேலையைச் சிறியது என்று சொல்ல மாட்டார்.

● 26 டாலர் 50 சென்ட்
உலகில் நன்மை செய்ய ஒரு நிதி வேண்டும் என்று 1917-இல் ரோட்டரித் தலைவர் ஆர்ச் க்ளம்ப் சொன்னார். அதற்கு முதலில் வந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட். இன்று உலகெங்கும் சிறுநீரகச் சுத்திகரிப்புக் கருவிகளுக்கும், குடிநீர்த் திட்டங்களுக்கும், மாணவர் உதவித்தொகைக்கும் பணம் தருகிற ரோட்டரி அறக்கட்டளைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

● சக்கரத்தில் ஒரு 'கீவே'
ரோட்டரிச் சின்னத்தில் உள்ள சக்கரத்துக்கு 24 பற்கள், 6 ஆரங்கள். நடுத் துளையில் சிறிய வெட்டு ஒன்றும் இருக்கும். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள், அது 'கீவே'. அது இல்லாவிட்டால் சக்கரம் தண்டோடு சேராது. தண்டு பாட்டுக்குச் சுற்றும், சக்கரம் நிற்கும். முதலில் வரைந்த சக்கரத்தில் அது இல்லை. விவரம் தெரிந்தவர்கள் குறையைச் சொல்ல, 1920-களில் சேர்த்தார்கள். சின்னத்தில்கூட வேலை செய்யாத சக்கரம் கூடாது என்று நினைத்தவர்கள் அவர்கள்.

● அரிமா என்ற சொல்
லயன்ஸ் சங்கத்தை 1917-இல் தொடங்கியவர் மெல்வின் ஜோன்ஸ், சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்தவர். தமிழ்நாட்டில் அது 'அரிமா சங்கம்' ஆனது. அதன் சின்னத்தைக் கவனியுங்கள். இரண்டு சிங்க முகங்கள், ஒன்று பின்னே பார்க்கிறது, ஒன்று முன்னே பார்க்கிறது. நடந்ததையும் நடக்கப்போவதையும் சேர்த்துப் பார்ப்பது அதன் பொருள். நன்னூல் சொல்லும் சூத்திர நிலைகளில் ஒன்று 'அரிமா நோக்கம்'. சிங்கம் நடக்கும்போது முன்னும் பின்னும் பார்ப்பதுபோல ஒரு சூத்திரம் தனக்கு முன்னுள்ளதோடும் பின்னுள்ளதோடும் பொருந்தி நிற்பது. சிகாகோவில் வரைந்த சின்னத்துக்கு நம் இலக்கணத்தில் பெயர் தயாராக இருந்திருக்கிறது.

● ஹெலன் கெல்லரின் கோரிக்கை
1925 ஜூன் 30 அன்று ஓஹையோ மாநிலத்தில் நடந்த அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் செவிப்புலனும் இழந்த அவர், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாறக் கூடாதா என்று கேட்டார். அந்த ஒரு பேச்சு சங்கத்தின் பாதையையே தீர்மானித்தது. நம் ஊர் அரிமா சங்கங்கள் கண் மருத்துவ முகாம்களில் இத்தனை ஈடுபாடு காட்டுவதன் வேர் அங்கே இருக்கிறது.

● வெள்ளைக் கோல்
1930-இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில், பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்கத் திணறுவதை அவ்வூர் அரிமா சங்கத் தலைவர் ஜார்ஜ் பான்ஹம் பார்த்தார். பார்வையற்றவர் கையில் இருந்த கறுப்புக் கோல் வண்டி ஓட்டுபவர்களின் கண்ணில் படவில்லை. கோலுக்கு வெள்ளை அடித்துச் சிவப்புப் பட்டை போடலாம் என்ற யோசனை அப்படித்தான் அரிமா சங்கங்களின் இயக்கமானது.

● குளியலறையில் கூடிய பெண்கள்
இன்னர் வீல் சங்கத்தின் தொடக்கக் கூட்டம் 1923-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், வெந்நீராவிக் குளியல் நிலையம் ஒன்றில் நடந்தது. ரோட்டரி உறுப்பினர்களின் குடும்பப் பெண்கள் 27 பேர் கூடினார்கள். மார்கரெட் கோல்டிங் தலைமையில் 1924 ஜனவரி 10-இல் சங்கம் முறையாகத் தொடங்கியது.

ரோட்டரியிலோ பெண்கள் உறுப்பினராக இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. மூன்று பெண்களைச் சேர்த்ததற்காகக் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே சங்கத்தை 1978-இல் நீக்கினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே 4-இல் பெண்கள் பக்கம் தீர்ப்பானது. அதே ஆண்டில் அரிமா சங்கமும் கதவைத் திறந்தது. 2022-இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் உலக ரோட்டரியின் முதல் பெண் தலைவரானார்.

● நான்கு கேள்விகள்
பல ரோட்டரிக் கூட்டங்களில் நான்கு கேள்விகளை வாசிப்பார்கள். உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மையா என்பது அவற்றின் சாரம். 1932-இல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு பாத்திர நிறுவனத்தை மீட்க ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் எழுதியவை இவை. கடை நடத்துகிற எவரும் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவைக்கலாம்.

நம் பக்கம் வந்தபோது...

● கொல்கத்தா, சென்னை, கொழும்பு
இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. சென்னை, கொழும்பு சங்கங்கள் இரண்டுக்கும் பிறந்த ஆண்டு 1929. இந்தியாவின் முதல் அரிமா சங்கம் 1956-இல் மும்பையில் தொடங்கியது.

● தஞ்சாவூருக்கு இரண்டாம் இடம்
பள்ளி மாணவர்களுக்கான ரோட்டரியின் 'இன்டராக்ட்' சங்கம் உலகில் முதன்முதலாக 1962 நவம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், மெல்போர்ன் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. இரண்டாவது சங்கம் எங்கே? நம் தஞ்சாவூரில்! இதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

● மாவட்டம் என்றால் ஆட்சியர் மாவட்டம் அல்ல
'மாவட்ட ஆளுநர் வருகை' என்று அழைப்பிதழில் பார்த்திருப்பீர்கள். அது சங்கங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட மாவட்டம். ரோட்டரி மாவட்டம் 3201-இல் முன்பு கோவையும் எர்ணாகுளமும் ஒன்றாக இருந்தன. மாநில எல்லையைப் பொருட்படுத்தாத மாவட்டம்!

● பெயருக்குப் பின் மூன்றெழுத்து
அழைப்பிதழில் சிலர் பெயருக்குப் பின் 'பி.எச்.எஃப்.' அல்லது 'எம்.ஜே.எஃப்.' என்று இருக்கும். படித்து வாங்கிய பட்டங்கள் அல்ல அவை. முதலாவது பால் ஹாரிஸ் பெயரில், இரண்டாவது மெல்வின் ஜோன்ஸ் பெயரில் உள்ள சிறப்பு. அந்தந்த அறக்கட்டளைக்கு 1,000 டாலர் நன்கொடை சேர்ந்ததைக் குறிக்கின்றன.

● இரண்டு சொட்டு, முப்பத்திரண்டு ஆண்டு
1979-இல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து தரும் பணியை ரோட்டரி தொடங்கியது. 1985-இல் அதை உலகத் திட்டமாக்கி, 12 கோடி டாலர் திரட்ட இலக்கு வைத்தார்கள். 1988-க்குள் 24 கோடிக்கும் மேல் சேர்ந்தது. அப்போது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேரைப் போலியோ தாக்கிக்கொண்டிருந்தது. இந்தியா 1995-இல் நாடு தழுவிய முகாம்களைத் தொடங்கியது. பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் திருவிழாக் கூட்டத்திலும் பந்தல் போட்டு, சொட்டு விட்ட குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தவர்களில் நம் ஊர்ச் சங்கத்தாரும் இருந்தார்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமி கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரி 13-இல், மேற்கு வங்கத்தின் ஹவுராவைச் சேர்ந்த ஒரு சிறுமியை. 2014 மார்ச் 27-இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

● துப்பாக்கிகள் ஓய்ந்த நாள்கள்
இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து தருவதற்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்திய நாள்கள் உண்டு. யுனிசெஃபுடன் சேர்ந்து அதற்காகப் பேசியவர்களில் கொழும்பு ரோட்டரியைச் சேர்ந்த கே.ஆர். ரவீந்திரனும் ஒருவர். 2015-16-இல் அவர் உலக ரோட்டரியின் தலைவரானார்.

● கண் முகாமின் பின்கட்டு
58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கிராம முகாம்கள் உள்ளூர்ச் சங்கங்களின் தோளில் நடப்பவை. பள்ளிக்கூடத்தில் இடம் கேட்பது, துண்டறிக்கை அடிப்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டுவது எல்லாம் சங்கத்தின் வேலை. சோதிப்பது மருத்துவர்களின் வேலை. கண்புரை இருப்பவர்களை அன்றே பேருந்தில் அழைத்துப் போய், லென்ஸ் வைத்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். பேரன் முகம் மங்கலாகத் தெரிந்த பாட்டிக்கு இதில் ஒரு ரூபாய் செலவில்லை.

● உண்டியல் வேறு, சந்தா வேறு
அரிமா சங்கங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். சங்கத்தின் விருந்து, வாடகை, நிர்வாகச் செலவெல்லாம் உறுப்பினர்களின் சந்தாவிலிருந்து வர வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. நன்கொடை தரும்போது தயங்காமல் கணக்குக் கேளுங்கள்; நல்ல சங்கம் அதை வரவேற்கும்.

முன்னே பார்த்தால்...

● ஜூலை 1: இரு சங்கங்களுக்கும் ஆண்டுப் பிறப்பு. தலைவரும் செயலாளரும் மாறுவார்கள். தேசிய மருத்துவர் தினமும் அன்றுதான்.

● ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை: தேசியக் கண்தான இருவாரம். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். மருத்துவக் குழு வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி போட்டவரும், சர்க்கரை நோய் இருந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். அரை மணி நேரத்துக்குள் முடியும் வேலை, முகம் விகாரப்படாது. படிவத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது, வீட்டில் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்கப்போவது அவர்கள்தான்.

● செப்டம்பர் 5: ஆசிரியர் தினம். ஊர்ப் பள்ளிகளின் நல்லாசிரியர்களைச் சங்கங்கள் தேடிப் பாராட்டும் நாள்.

● அக்டோபர் 1: தேசியத் தன்னார்வ ரத்ததான தினம். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடை உள்ளவர்கள் தரலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ரத்தச் சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம். தட்டணுக்களோ ஐந்தே நாள்தான் தாங்கும். அதனால் ஒரே நாளில் பெரிய முகாம் நடத்துவதைவிட, ஆண்டு முழுக்கச் சிறு சிறு முகாம்களாகப் பிரித்து நடத்தும் சங்கமே ஆபத்துக்கு உதவும்.

● அக்டோபர் இரண்டாம் வியாழன்: உலகப் பார்வை தினம். அக்டோபர் 15: வெள்ளைக் கோல் தினம். அக்டோபர் 24: உலகப் போலியோ தினம். சங்கங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம் இது.

● நவம்பர் 14: உலக நீரிழிவு நாள். அரிமா சங்கங்கள் இலவசச் சர்க்கரைப் பரிசோதனை நடத்தும். நாற்பது தாண்டியவர்கள் நடைப்பயிற்சிக்குப் போகிற வழியில் விரலை நீட்டிவிட்டு வரலாம்.

● டிசம்பர் 3: மாற்றுத்திறனாளிகள் தினம். செயற்கைக்கால் முகாம்களை எதிர்பார்க்கலாம். 'ஜெய்ப்பூர்க் கால்' என்ற செயற்கைக்கால் உருவானது 1968-இல்; அதை வடிவமைத்ததில் டாக்டர் பி.கே. சேத்திக்கு இணையான பங்கு ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞருக்கு உண்டு.

● ஜூன் 14: உலக ரத்ததானிகள் தினம். ரத்த வகைகளைக் கண்டறிந்த கார்ல் லேண்ட்ஸ்டைனர் பிறந்த நாள்.

● ஜூன் 30: ஆண்டின் கடைசி நாள். தலைவர் தன் பதவிச் சின்னமான காலரைக் கழற்றி அடுத்தவருக்கு அணிவிக்கத் தயாராவார். பாதியில் நிற்கும் பள்ளிக் கழிப்பறையும், இன்னும் சேராத நன்கொடையும், அடுத்த முகாமின் தேதியும் புதியவரின் கைக்குப் போகும். அந்தக் கைமாற்றம் ஒழுங்காக நடந்ததால்தான், 1979-இல் ஒரு தலைவர் தொடங்கிய போலியோ வேலையை 2011-இல் வேறு யாரோ இந்தியாவில் முடிக்க முடிந்தது.

அடுத்த ஜூலையில் உங்கள் ஊர் மண்டபத்தில் விழா நடந்தால் உள்ளே போங்கள். புதிய தலைவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள். "ஐயா, அடுத்த முகாம் என்றைக்கு? நானும் வரலாமா?"