மாத்திரை அலமாரியில், மாதுளை தட்டில்

வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்கு வருகிற பெண்களைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான். எட்டாம் மாதம். நாலு படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்துக் கிடக்கிறது. "ரத்தம் ஆறரைப் பாயிண்ட்தான் இருக்காம் டாக்டர். நாங்களும் தினம் மாதுளம்பழம் குடுத்துட்டுதான் இருக்கோம்" என்பார் அம்மா. கிராம நர்ஸ் கொடுத்த சத்து மாத்திரை எங்கே? மாமியார் வீட்டு அலமாரியில், பிரிக்காத அட்டைகளாக இருக்கும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் உயிருக்கே ஆபத்து. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். அதைத் தாங்க உடம்பில் ஏதாவது இருக்க வேண்டுமே. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 44.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. 2019-21-ல் அது 48.3 சதவீதம். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பெயர்பெற்ற மாநிலத்தில் இந்தக் கணக்கு ஏறியிருக்கிறது.

குன்னூரிலிருந்து வந்த பாடம்

சாப்பாடு சரியில்லாவிட்டால் உடம்பு தேறாது என்பது நேற்று கண்டுபிடித்த விஷயமில்லை. குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி செய்த மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. நம்முடைய சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டைத் தின்றவை நோஞ்சானாகப் பின்தங்கின.

1928-ல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், பம்பாயில் மில் வேலைக்குப் போகும் ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். இடையில் குன்னூருக்கும் வந்து எலிகளை வைத்துச் சோதனை செய்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். அதற்குள் இருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பிரித்தறியப்பட்டது. நீங்கள் அலமாரியில் போட்டுவைக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் சேர்த்திருப்பது இதைத்தான்.

சிவப்பாக இருந்தால் ரத்தமா?

மாதுளை சிவப்பு, பீட்ரூட் சிவப்பு, ஆகவே ரத்தம் ஊறும். யார் ஆரம்பித்த கணக்கோ! 100 கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்பு சுமார் 0.3 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 27 மில்லிகிராம். மாதுளையை மட்டும் நம்பினால் தினம் 9 கிலோ உரிக்க வேண்டும். பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. பழம் நல்லதுதான், சாப்பிடட்டும். மருந்து என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

"இரும்பு மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்." படித்த பெண்களே கிசுகிசுப்பாகக் கேட்கிறார்கள். பிள்ளையின் நிறம் அப்பா அம்மாவின் மரபணுவில் இருக்கிறது. மாத்திரையால் கறுக்காது, குங்குமப்பூவால் வெளுக்காது. அந்தக் குங்குமப்பூக் காசில் எத்தனை முட்டை வாங்கலாம்!

மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. குடல் எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியே போகிறது, அவ்வளவுதான். குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் போதாவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்திவிட்டு எட்டாம் மாதத்தில் வராதீர்கள்.

"நிறைய சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும்" என்று அரை வயிற்றோடு எழுப்பிவிடும் வீடுகளும் உண்டு. தாய் சோகையாக இருந்தால் பிள்ளை எடை குறைந்தோ குறைமாதத்திலோ பிறக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பச்சரிசியை அள்ளி மெல்லுவது, சாம்பல், மண் தின்பது ஆகியவற்றை மசக்கை என்று சிரித்து விட்டுவிடுகிறார்கள். பல சமயம் அது இரும்புக் குறைவின் அறிகுறி.

ஒன்றே ஒன்றில் பாட்டிகளோடு எனக்குச் சண்டை இல்லை: சுவரொட்டி. ஆட்டு மண்ணீரலில் உண்மையிலேயே இரும்பு ஏராளம், உடம்பும் எளிதாக எடுத்துக்கொள்ளும். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். மாத்திரையும் போடட்டும்.

டானிக் மோகம்

இலவச மாத்திரையை ஒதுக்கிவிட்டு, மருந்துக்கடையில் "ரத்தம் ஊற ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று கேட்பவர் இல்லை. பாட்டில் பெரிதாக, படம் சிவப்பாக இருந்தால் போதும். சிலர் இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போட்டு விழுங்குகிறார்கள். கால்சியம் இரும்பைத் தடுக்கும். ஒன்று பகலில், ஒன்று இரவில் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் அப்படித்தான், 1975-லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் என்ன குறைந்துவிடும்?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்

ஒன்பதாம் வகுப்புப் பெண், காலையில் டீயும் ரெண்டு பிஸ்கட்டும். அரசின் காலை உணவுத் திட்டம் 2022-ல் வந்தது தொடக்கப் பள்ளிக்குத்தான். மாதவிடாயில் ரத்தம் இழக்கும் வயதுப் பெண்ணோ வீட்டில் தட்டைத் தொடாமல் பஸ் ஏறுகிறாள். வகுப்பில் தூங்குகிறாள், "சோம்பேறி" என்று பெயர் வாங்குகிறாள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்பு மாத்திரையை, "வயிறு வலிக்கும், வேண்டாம்" என்று அம்மாவே தடுக்கிறார். குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் லீவு வேறு! கொக்கிப் புழு குடலில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவது ரத்தத்தைத்தான்.

பரிசோதனை

ஹீமோகுளோபின் அளவு பார்க்க ஒரு துளி ரத்தம் போதும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, 180 நாள். யாராவது ஒருவர், கணவரோ மாமியாரோ, பக்கத்தில் நின்று விழுங்கவைத்துவிட்டுப் போங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, நெத்திலி என்று வீட்டுக்குக் கட்டுப்படியாவதைப் போடுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது புடவைப் பெட்டியோடு மாத்திரை அட்டையையும் எடுத்துவையுங்கள். பிள்ளை பிறந்ததும் பத்தியம் என்று கீரையையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள், தாயே. மாத்திரை அதற்கப்புறமும் 180 நாள் உண்டு; நர்ஸ் மறந்தாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.