அக்குள்ல அடிக்கடி கட்டி வருதா? கூச்சம் வேண்டாம்!

அக்குள், தொடை இடுக்குகளில் வலியுடன் கட்டி வந்து, உடைந்து, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருதா? ‘சூட்டுக் கட்டிதான்’னு விட்டுடாதீங்க. ‘ஹைட்ராடெனிடிஸ் சப்புரேடிவா’ என்ற நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம்.

மயிர்க்கால் அடைபட்டு, தோலுக்கு அடியிலேயே வெடிப்பதால் வரும் அழற்சி இது. சுத்தக்குறைவால் வருவதல்ல, அடுத்தவருக்கு ஒட்டவும் ஒட்டாது. மறைத்தே வைத்திருந்தால் உள்ளுக்குள் சீழ்ப் பாதைகள் உருவாகி, தழும்பு நிலைத்துவிடும்.

கட்டியைப் பிதுக்காதீங்க. சீழை மட்டும் எடுத்தால் வலி குறையும், நோய் போகாது. நிலையைப் பார்த்து கிளிண்டாமைசின் மருந்து, டாக்ஸிசைக்ளின் மாத்திரை, அடாலிமுமாப் ஊசி, அறுவை சிகிச்சை என மருத்துவர் முடிவு செய்வார். புகைப்பழக்கத்தை விடுவதும், கூடுதல் எடையைக் குறைப்பதும் உதவும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்க. எந்த இடத்தில், எத்தனை முறை வந்ததுன்னு மறைக்காமல் சொல்லுங்க. நோயைக் கண்டுபிடிக்க அதுதான் முக்கியம். சந்தேகமா? 104-க்கு போன் பண்ணுங்க.