இழுத்தால் வளரும் எலும்பு

உடைந்த எலும்பை ஒட்டவைப்பது டாக்டர் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை தம்பி தங்கைகளே, எலும்பு தானேதான் ஒட்டிக்கொள்கிறது. முறிந்த இடத்தில் ரத்தம் உறையும். அங்கே குருத்தெலும்பு உருவாகும். பிறகு அது இறுகிப் புது எலும்பாகும். அதுவரை இரண்டு முனைகளும் நேராக, ஆடாமல் இருக்க வேண்டும். மாவுக்கட்டு அதற்குத்தான். எலும்பு நொறுங்கிப்போனால் மாவுக்கட்டு போதாது. அறுவை சிகிச்சை செய்து தகடும் திருகும் வைத்துப் பிடிப்பார்கள்.

சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய டாக்டர் கவ்ரீல் இலிசரோவ், 1950-களின் தொடக்கத்தில் வேறொரு வழி கண்டார். எலும்பின் குறுக்கே மெல்லிய கம்பிகளைச் செலுத்தி, காலைச் சுற்றி வெளியே நிற்கும் உலோக வளையங்களில் விறைப்பாகக் கட்டினார். சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளும் விறைப்பாக இருப்பதால்தானே நம்மைத் தாங்குகின்றன!

வளையங்களை இணைக்கும் தண்டுகளில் நட்டுகள் உண்டு. அவற்றைத் திருகி எலும்பு முனைகளை நெருக்க வேண்டும். ஒரு நோயாளி தவறாக எதிர்ப்பக்கம் திருகிவிட்டாராம். முனைகள் விலகிவிட்டன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், அந்த இடைவெளியில் புது எலும்பு!

இலிசரோவ் விடவில்லை. பல ஆண்டுகள் ஆராய்ந்து அளவைக் கண்டுபிடித்தார்: ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். அதையும் ஒரே தடவையில் இழுக்காமல், கால் கால் மில்லிமீட்டராக 4 முறை. அவசரப்பட்டால் எலும்பு உருவாகாது. ரொம்பவும் மெதுவாகப் போனால் இடைவெளி முன்பே இறுகிவிடும். குட்டையான காலை 5 சென்டிமீட்டர் நீட்ட 50 நாள் இழுக்க வேண்டும். புது எலும்பு கெட்டிப்பட இன்னும் சில மாதங்கள். கூடவே தோலும் ரத்தக்குழாயும் நரம்பும் வளர்ந்து ஈடுகொடுக்கின்றன. மருத்துவத்தில் இதைவிட என்னை வியக்கவைத்தது வேறில்லை.

வலேரி புரூமெல் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய வலது கால் நொறுங்கியது. பல அறுவை சிகிச்சைகள் செய்தும் சேராத எலும்பு, இலிசரோவிடம் வந்தபின் சேர்ந்தது. புரூமெல் மறுபடியும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார்!

வளையங்கள் எலும்பை ஆடாமல் பிடித்திருந்ததால்தான் இத்தனையும் நடந்தது. அதனால் விளையாடும்போது யாருக்காவது கை கால் முறிந்தால், எண்ணெய் தடவி உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். அடிபட்ட இடத்தை அசைக்காமல், ஒரு அட்டையையோ ஸ்கேலையோ அணைகொடுத்துக் கட்டி, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போகப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.