பறிபோன பணமும் மூன்று நாள் கெடுவும்

புனே நகரின் ஹடப்சரில், மகர்பட்டா அலுவலகங்களிலும் சோலாப்பூர்ச் சாலைக் கடைகளிலும் பணிபுரியும் நம்மவர் பலர், சம்பளம் வந்ததும் கைப்பேசி வழியே ஊருக்குப் பணம் அனுப்புகின்றனர். நம் அனுமதியின்றி எவரேனும் அப்பணத்தை எடுத்துவிட்டால், நட்டம் யாரைச் சாரும்?

இதற்கென ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் விதி வகுத்தது. அவ்விதி காட்டிய முறை இது: தவறு வங்கியினுடையதாயின் நமக்கு யாதொரு பொறுப்பும் இல்லை. தவறு வங்கியிடமும் நம்மிடமும் இல்லாதபோது, செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் நட்டம் நமக்கில்லை. நான்கு முதல் ஏழு நாட்களாயின், சாதாரணச் சேமிப்புக் கணக்கிற்கும் பரிசு அட்டைக்கும் நம் பங்கு 10,000 ரூபாய்க்கு மேற்படாது. அறிவித்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி தொகையை வரவு வைத்தல் வேண்டும். இரகசிய எண்ணை நாமே பிறருக்குச் சொல்லியிருந்தால், அறிவிக்கும் வரை நேர்ந்த நட்டம் முழுவதும் நம்முடையதே.

ஆகவே, மொழி விளங்கவில்லையென்று வங்கியின் குறுஞ்செய்தியை ஒதுக்குதல் தகாது. உடனே வங்கிக்கு அறிவித்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்வோம். முப்பது நாட்களில் தீர்வு கிட்டாவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். அதற்கான விவரங்களை 14448 என்னும் எண்ணில் தமிழிலேயே கேட்டறியலாம்.