வீட்டோரத்தில் காங்கிரீட் வண்டித் தளம்

வீட்டின் பக்கத்தில் மோட்டார் வண்டி நிறுத்துவதற்குக் காங்கிரீட் தளம் போடுவது இன்று நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் வழக்கமாகிவிட்டது. ஆயினும், வீடு கட்டும்போது காட்டிய கவனத்தில் ஒரு சிறு பங்கேனும் இத்தளத்திற்குக் காட்டப்படுவதில்லை. மீந்துபோன ஜல்லியையும் மணலையும் கொட்டி நிரவி, மேலே சிமெண்டுக் குழம்பைப் பூசினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறு போட்ட தளம் சில மழைக்காலங்களுக்குள் நடுவில் வெடித்துவிடும். சுவரோரம் தாழ்ந்து, மழைநீர் வெளியே ஓடாமல் வீட்டை நோக்கித் திரும்பும். தளம் கெட்டால் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாம். அஸ்திவாரத்தின் அடிமண் நனைந்து இளகினாலோ வீடே பழுதுபடும்.

இத்தளத்தின் ஆயுளைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது நீரே. அடிமண்ணிலுள்ள நீர், கலவையில் சேர்க்கும் நீர், இறுகும் காலத்தில் ஊற்றும் நீர், பின்னர் பெய்யும் மழைநீர் ஆகிய நான்கையும் எவ்வாறு கையாள வேண்டும் என்பதை இங்கே வரிசையாகக் காண்போம்.

அடிமண்

காங்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் இழுவலிமை, அழுத்த வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆகும். அடிமண் ஓரிடத்தில் தாழ்ந்துபோனால் தளம் அங்கே பாலம்போல் தொங்கி நிற்கும். வண்டிச் சக்கரம் ஏறியதும் அடிப்புறம் இழுபட்டு வெடிக்கும். வீட்டோரத்தில் இந்த ஆபத்து அதிகம். ஏனெனில், அஸ்திவாரத்திற்காகத் தோண்டிப் பின்னர் நிரப்பிய தளர்ந்த மண்ணே அங்கு உள்ளது.

ஆகவே, புல்லும் வேரும் நிறைந்த மேல்மண்ணை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அகற்றிவிட வேண்டும். தளர்ந்த மண்ணை மேலும் தோண்டி எடுத்து, 15 சென்டிமீட்டர் கனமுள்ள அடுக்குகளாகத் திரும்ப இட்டு, அளவாக நனைத்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக் கட்டையால் இறுக்க வேண்டும். அதன்மேல் 10 சென்டிமீட்டர் கனத்திற்குக் கிராவல் அல்லது உடைகல் பரப்பி மீண்டும் இறுக்குவது நலம்.

தக்காணத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பரவலாக உள்ள கரிசல் மண், நனைந்தால் உப்பி, உலர்ந்தால் சுருங்கும் இயல்புடையது. இவ்வகை மண்ணில் வீடுகள் வெடிப்பதைத் தடுக்க, அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற தூண் அஸ்திவார முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் (தோற்றம் 1947) வளர்த்துப் பரப்பியது. வீட்டையே அசைக்கும் இம்மண்ணை மெல்லிய தளம் எதிர்த்து நிற்காது. இயன்ற ஆழத்திற்குக் கரிசலை அகற்றிக் கிராவல் மண்ணை நிரப்புவதும், தளத்தின் ஓரங்களில் நீர் தேங்காமல் காப்பதும் இங்கு அவசியம்.

கலவை நீர்

ஒரே வகைப் பொருள்களால் ஆன காங்கிரீட்டின் வலிமை, நீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் டஃப் ஆப்ராம்ஸ் 1918இல் எடுத்துக் காட்டினார். சிமெண்டு தன் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீரையே இரசாயன முறையில் பிணைத்துக்கொள்கிறது. கலவையை இளக்கிப் பரப்புவதற்கு மேலும் சிறிது நீர் தேவை. அதற்கும் மிஞ்சிய நீர் ஆவியாகிப் போகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது; அத்துளைகளே தளத்தின் பலவீனம்.

5.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் உள்ள தளம் சிறு காருக்குப் போதுமானது. இதற்கு 1.65 கன மீட்டர் காங்கிரீட் வேண்டும். ஒரு பங்கு சிமெண்டு, 1½ பங்கு மணல், 3 பங்கு 20 மில்லிமீட்டர் ஜல்லி என்ற கணக்கில் 13 மூட்டை சிமெண்டும், 0.7 கன மீட்டர் மணலும், 1.4 கன மீட்டர் ஜல்லியும் செல்லும். இக்கலவையில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் நீர் சேர்த்தல் கூடாது. உட்புறம் 40, 35, 25 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி ஒரு மூட்டை சிமெண்டின் கன அளவைக் கொள்ளும்; மணலையும் ஜல்லியையும் கூடையால் அளக்காமல் இப்பெட்டியாலேயே அளக்க வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிதாகச் செய்து காட்டக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. நேரான கண்ணாடிக் குவளையில் ஈரமணலை 20 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தளர்வாக இடுக. பின்னர் மணல் மூழ்கும்படி நீர் ஊற்றிக் கிளறிப் படியவிடுக. மணல் 16 சென்டிமீட்டருக்குத் தாழுமானால், அது 16க்கு 4, அதாவது நூற்றுக்கு 25 பங்கு உப்பியிருந்தது என்பது பொருள். எனவே, ஈரமணலைப் பெட்டியால் அளக்கும்போது இந்த உப்பலுக்கு ஏற்ப அளவைக் கூட்ட வேண்டும். அதே சமயம், நூற்றுக்கு 5 பங்கு ஈரமுள்ள 80 கிலோ மணலில் ஏறக்குறைய 4 லிட்டர் நீர் முன்னரே இருக்கிறது; அதைச் சேர்க்கும் நீரில் குறைத்துவிட வேண்டும்.

கலந்த காங்கிரீட்டை அரைமணி நேரத்திற்குள் பரப்பி, மட்டப் பலகையால் தட்டி இறுக்குக. மேலே கசிந்து நிற்கும் நீரை உறிஞ்சுவதற்காக உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்க்கும் வழக்கம் தவறானது. அதனால் மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் தோன்றிப் பின்னர் உதிரும்.

இணைப்பும் நீராற்றலும்

காங்கிரீட் உலரும்போது சுருங்குவதைத் தடுக்க இயலாது. வெடிப்பு எங்கே விழவேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். தளத்தின் நீளத்தில் நடுவே, கனத்தில் நாலில் ஒரு பங்காகிய 2.5 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறுக்குக் காடி ஒன்று வெட்டுக. சுவரையும் தளத்தையும் ஒட்டவைத்தல் ஆகாது. இடையில் 12 மில்லிமீட்டர் கனமுள்ள, தாரில் தோய்ந்த அட்டையை நிறுத்துக. இரண்டும் தனித்தனியே அசைவதற்கு இது இடமளிக்கும். நீர் இறங்காதவாறு இவ்விடைவெளியின் மேற்புறத்தைத் தாரால் அடைக்க வேண்டும்.

கலவையில் மிகுதியாக ஊற்றுவதற்குக் கூடாத நீரை, இறுகிய பின்னர் தாராளமாக ஊற்றலாம். நனைத்த கோணிகளைப் பரப்பியோ பாத்தி கட்டியோ தளத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும். சாதாரண போர்ட்லண்டு சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், வறண்ட வெப்பக் காலத்தில் 10 நாட்களும் தேவை. சாம்பலோ உலைக்கசடோ கலந்த சிமெண்டுக்கு முறையே 10, 14 நாட்கள் என்று இந்தியத் தர விதித்தொகுப்பு (எண் 456, ஆண்டு 2000) குறிப்பிட்டது. கடைகளில் இன்று கலப்புச் சிமெண்டே மிகுதியாதலால், மூட்டையில் அச்சிட்டுள்ள வகையைப் படித்துப் பார்த்தல் நலம். வண்டியை 28 நாட்கள் கழித்து ஏற்றுவது பாதுகாப்பானது.

மழைநீர்

தளத்தின் வாட்டம் சுவரிலிருந்து வெளிப்புறமாக, 60க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். 3 மீட்டர் அகலத்தில் இது 5 சென்டிமீட்டர் இறக்கம் ஆகும். தளம் சுவரின் ஈரத்தடுப்புப் படையைவிட 15 சென்டிமீட்டரேனும் தாழ்ந்திருத்தல் வேண்டும்.

25 மில்லிமீட்டர் மழை பெய்தால் இச்சிறு தளத்தின் மீது 410 லிட்டருக்கு மேற்பட்ட நீர் விழுகிறது. முன்பு பெரும்பகுதி மண்ணில் ஊறிய இந்நீரை, அஸ்திவாரத்திற்குத் தொலைவிலுள்ள தோட்டத்திற்கோ உறிஞ்சு குழிக்கோ சிறு வாய்க்கால் மூலம் செலுத்துக. முழுத் தளமும் தேவையில்லாத இடத்தில், சக்கரங்கள் செல்லும் தடத்தில் மட்டும் 60 சென்டிமீட்டர் அகலத்தில் இரு பட்டைகள் போட்டால் போதும். இவற்றின் பரப்பு 6.6 சதுர மீட்டரே. ஏறத்தாழ 8 மூட்டை சிமெண்டு மீதமாகும், நிலத்தில் நூற்றுக்கு 60 பங்கு நீரை ஏற்கும் மண்ணாகவே நிற்கும்.

வேலை முடிந்து தளம் இறுகிய பின்னர், களப் பணியாளர் சுவரோரத்தில் ஒரு குடம் நீரை ஊற்றிப் பார்க்கலாம். நீர் தேங்காமல் சுவரை விட்டு விலகி ஓடுமானால் வாட்டம் சரியாக அமைந்தது எனக் கொள்ளலாம். ஆனால் பிழையைத் திருத்துவதற்கு அது காலங்கடந்த வேளை. ஆதலால், காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே ஓரப் பலகைகளின் மட்டத்தை நூல் கட்டி, நீர்மட்டக் குழாயால் சரிபார்த்துக்கொள்ளுமாறு வீட்டுக்காரருக்கும் கொத்தனாருக்கும் அறிவுறுத்த வேண்டும்.