வில்லியம் கிறிஸ்டோபர் சைசே

வில்லியம் கிறிஸ்டோபர் சைசே (15 அக்டோபர் 1789 – 12 நவம்பர் 1847) டென்மார்க் நாட்டு வேதியியலாளர். கந்தகம் அடங்கிய கரிமச் சேர்மங்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுகிறார். சாந்தேட்டு, மெர்காப்டன் ஆகிய இரு சேர்ம வகைகளைக் கண்டறிந்து அவற்றுக்குப் பெயரிட்டவர் இவரே. இவர் உருவாக்கிய பிளாட்டின உப்பு ஒன்று 'சைசே உப்பு' என்று இன்றும் வழங்கப்படுகிறது. எனினும் பாடநூல்களில் அந்த உப்பின் பெயரைத் தவிர இவரைப் பற்றிய செய்தி எதுவும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இளமையும் கல்வியும்

சைசே டென்மார்க்கின் ஸ்லாகெல்சே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மருந்துக் கடை நடத்தியவர். 1805இல் தொழில் பழகுவதற்காகத் தலைநகர் கோபன்ஹேகனில் இருந்த அரண்மனை மருந்தகத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே மனம் ஒன்றாமலும் உடல்நலம் இடங்கொடுக்காமலும் சில மாதங்களிலேயே ஊர் திரும்பினார். 1806இல் மீண்டும் கோபன்ஹேகன் சென்றபோது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் அவரைத் தம் வீட்டில் தங்கவைத்து உதவியாளராகவும் அமர்த்திக்கொண்டார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை 1820இல் கண்டறிந்த அதே ஓர்ஸ்டெட்தான் இவர். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினைப் பிரித்தெடுத்தவரும் அவரே என்பது பலர் அறியாத செய்தி.

சைசே 1817இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஸ்ட்ரோமையரிடம் பயின்று, பின் பாரிசுக்குச் சென்றார். சுவீடனின் பெரும் வேதியியலாளர் பெர்சிலியசின் அறிமுகம் அங்கே கிடைத்தது. நாடு திரும்பியதும் ஓர்ஸ்டெட்டின் துணையுடன் ஒரு சிறு ஆய்வகம் அமைத்துக்கொண்டார். 1822இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியரானார். 1829இல் தொடங்கப்பட்ட பல்தொழில்நுட்பக் கல்லூரியிலும் கற்பித்தார்.

சாந்தேட்டுகள்

கந்தக ஆவியைத் தணல் நிலையிலுள்ள கரியின்மீது செலுத்தினால் கார்பன் டைசல்பைடு கிடைக்கும். இது 46 பாகை செல்சியசிலேயே கொதிக்கும், எளிதில் தீப்பற்றும், நரம்புகளைத் தாக்கும் நச்சு நீர்மம். சைசே பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஆல்ககாலில் கரைத்து, அதில் இந்த நீர்மத்தைச் சேர்த்தார். காரத்தின் இயல்பு மறைந்துபோனது. ஒரு காரம் நடுநிலையாக வேண்டுமானால் அங்கே ஓர் அமிலம் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் கலவையில் அவர் எந்த அமிலத்தையும் சேர்க்கவில்லை. ஆகவே கார்பன் டைசல்பைடும் ஆல்ககாலும் சேர்ந்தே ஒரு புதிய அமிலத்தைத் தந்திருக்கின்றன என்று அவர் முடிவு செய்தார். அதன் உப்புக் கரைசலில் செப்பு உப்பைச் சேர்த்தபோது மஞ்சள் வீழ்படிவு உண்டாயிற்று. கிரேக்க மொழியில் மஞ்சளைக் குறிக்கும் 'சாந்தோஸ்' என்ற சொல்லிலிருந்து பெயரும் வந்தது. இது 1822ஆம் ஆண்டு நிகழ்ந்தது.

இதன் தொழிற்பயன் வெளிப்பட எழுபது ஆண்டுகள் ஆயின. மரக்கூழிலுள்ள செல்லுலோசிலும் ஆல்ககாலில் உள்ளதைப் போன்ற ஹைட்ராக்சில் தொகுதிகள் உள்ளன. எனவே சைசே செய்த அதே வினை அங்கும் நடக்கிறது. காரமூட்டிய செல்லுலோசுடன் கார்பன் டைசல்பைடைச் சேர்த்தால் செல்லுலோசு சாந்தேட்டு உருவாகிறது. நீர்த்த காரத்தில் கரைந்து பாகு போலாகும் இதனை நுண்துளைகள் வழியே அமிலத்துக்குள் பீய்ச்சினால் இழை கிடைக்கிறது. 1892இல் இங்கிலாந்தில் கிராசு, பெவன், பீடில் ஆகியோர் காப்புரிமை பெற்ற விஸ்கோசு முறை இதுவே. ரேயான் துணி இவ்வாறுதான் பிறந்தது. சுரங்கத் தொழிலில் 1920களிலிருந்து சாந்தேட்டுகள் வேறொரு வகையில் பயன்படுகின்றன. செம்பு, ஈயத் தாதுக்களின் துகள்மீது சாந்தேட்டின் கந்தக முனை ஒட்டிக்கொள்ளும். நீரை வெறுக்கும் மறுமுனை காற்றுக் குமிழியை நாடும். தாது நுரையோடு மேலே வர, மண்ணும் கல்லும் அடியில் தங்கிவிடும்.

மெர்காப்டன்

1830களின் தொடக்கத்தில் பேரியம் எத்தில் சல்பேட்டைப் பேரியம் ஹைட்ரோசல்பைடுடன் சேர்த்துக் காய்ச்சி வடித்தபோது, கடும் நாற்றமுள்ள நிறமற்ற ஒரு நீர்மம் கிடைத்தது. பாதரச ஆக்சைடுடன் அது வேகமாக வினைபுரிந்து படிகமாயிற்று. இதனால் 'பாதரசத்தைப் பற்றிக்கொள்வது' என்னும் பொருள்படும் 'மெர்குரியம் காப்டன்ஸ்' என்ற இலத்தீன் சொற்களைச் சுருக்கி மெர்காப்டன் என்று பெயரிட்டார். எத்தில் ஆல்ககாலின் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் கந்தகம் அமர்ந்த சேர்மம் இது. முறையான பெயரிடலில் இன்று எத்தேன்தயால் என்கிறோம்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். கந்தக அணு ஆக்சிஜனைவிடக் கனமானது. ஆகவே மெர்காப்டனின் கொதிநிலை ஆல்ககாலைவிட உயர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். உண்மையில் ஆல்ககால் 78 பாகையிலும், மெர்காப்டன் 35 பாகையிலும் கொதிக்கின்றன. ஆல்ககால் மூலக்கூறுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு கந்தகச் சேர்மத்தில் மிக வலுக்குறைந்தது. அதனால்தான் அது விரைவில் ஆவியாகி மூக்கை எட்டுகிறது.

அந்த நாற்றமே பின்னாளில் உயிர்காக்கும் பண்பாயிற்று. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாசில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில் எரிவாயு கசிந்து வெடித்து, மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். இயற்கை எரிவாயுவுக்கு மணமில்லை. கசிவை எவரும் உணரவில்லை. இதன் பிறகே எரிவாயுவில் நாற்றப்பொருள் சேர்ப்பது அங்கே சட்டமானது. இந்தியாவில் சமையல் எரிவாயு உருளையில் கசிவு ஏற்பட்டால் நாம் முகர்வது எத்தில் மெர்காப்டனை. சைசே வடித்தெடுத்த அதே பொருள்தான் இது. வாயு மிகச் சிறிதளவு கசிந்தாலும் மூக்கு கண்டுகொள்ளும்.

பாதரசத்தைப் பற்றும் பண்பும் வீண்போகவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆர்சனிக் அடங்கிய லூயிசைட்டு நச்சுக்கு மாற்றாக இங்கிலாந்தில் டைமெர்காப்ரால் உருவாக்கப்பட்டது. அதன் மூலக்கூறிலுள்ள இரு கந்தகத் தொகுதிகள் உலோக நஞ்சைக் கவ்விக்கொள்ள, அது சிறுநீர் வழியே வெளியேறுகிறது. பாதரச நஞ்சுக்கும் இது மருந்தாகிறது.

சைசே உப்பும் லீபிக்குடன் நடந்த விவாதமும்

கந்தகத்துக்கு அப்பாலும் சைசேயின் ஆய்வுகள் விரிந்தன. புகையிலைப் புகையைப் பகுத்தார். கேரட்டின் நிறமியான கரோட்டீனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளன என்று தம் இறுதி ஆண்டில் காட்டினார். ஆனால் அவருக்குப் பெரும் தொல்லை தந்தது, 1820களில் பிளாட்டினம் குளோரைடை ஆல்ககாலுடன் கொதிக்கவைத்துப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துப் பெற்ற மஞ்சள் படிகங்களே. அவற்றில் எத்திலீன் உள்ளது என்றார் சைசே.

யுஸ்டஸ் லீபிக் இதை ஏற்கவில்லை. ஆல்ககால், ஈதர் ஆகியவற்றின் அடிப்படை எத்திலீனே என்று பிரான்சின் டூமா வாதிட்டுவந்த காலம் அது. லீபிக் எதிர் அணி. சைசேயின் பகுப்பாய்வு சரியென்றால் அது டூமாவின் கைக்கு வலுவூட்டும். ஆகவே உப்பில் இருப்பது ஈதர் என்றும், சைசேயின் முடிவு பிழை என்றும் லீபிக் எழுதினார். மெர்காப்டனை 1834இல் தாமே ஆய்ந்து கட்டுரை எழுதியவரும் இதே லீபிக்தான் என்பதைப் பார்க்கும்போது, இங்கே சோதனையைவிடக் கட்சியே முன்னின்றது என்று சொல்லத் தோன்றுகிறது. சைசே படிகங்களை மீண்டும் பகுத்துப் பதில் எழுதினார். தம் முடிவிலிருந்து இறங்கவில்லை. ஆனால் ஐரோப்பிய வேதியியல் உலகில் லீபிக்கின் குரலே ஓங்கியிருந்தது.

சைசே 1847இல் காலமானார். 1861இல் கிரீசும் மார்ட்டியசும் அந்த உப்பைச் சிதைத்து எத்திலீனைப் பெற்றனர். 1868இல் பிர்ன்பாம் எத்திலீனிலிருந்தே நேரடியாக அதைத் தயாரித்தார். உலோகத்துடன் எத்திலீன் எவ்வாறு பிணைந்துள்ளது என்பது 1950களில்தான் டூவார், சாட், டங்கன்சன் ஆகியோரால் விளங்கியது. 1954இல் எக்சு கதிர் ஆய்வும் அந்த அமைப்பைக் காட்டியது: எத்திலீனின் இரு கார்பன்களும் சேர்ந்து, பக்கவாட்டில் பிளாட்டினத்தைத் தொட்டு நிற்கின்றன.